தும்ம வைக்காத தூசி

கேஷியர் அவள் மேசைக்கு எதிரே வந்து நின்று, நின்ற பிறகும் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. மதிய இடைவேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் தபால் பிரிவின் மூலையில் உட்கார்ந்து உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். வழக்கமான நாளாக இருந்தால் அவர் தூரத்தில் வரும்போதே, "தும்மலக்கா, இன்னிக்கு இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று குரல் வந்திருக்கும்.

"மேடம், சனிக்கிழமை காலைல உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் அவளை மேடம் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் முத்திரையைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர்கள் அலுவலகம் இருந்தது. காலையில் ஏசியைப் போட்டதும் தலைக்கு மேலிருந்த பொய்க்கூரை லேசாக அதிரும். பலகைகளின் இடுக்கிலிருந்து மாவு சலித்ததுபோல வெள்ளையாக ஏதோ இறங்கும். அவள் தும்ம ஆரம்பித்துவிடுவாள். வந்ததும் ஈரத்துணியால் மேசையைத் துடைப்பாள், மாலையில் போகும்போது எல்லாவற்றையும் செய்தித்தாளால் மூடிவிட்டுப் போவாள். மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அவர் ஒருமுறை கூரைக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்தார். பெயிண்டும் சேர்ந்து உதிர்ந்தது. "கூரை உதிர்றதால அக்கா தும்மல. அக்கா தும்முறதாலதான் கூரை உதிருது" என்று கேஷியர் சொன்னது எல்லாப் பிரிவுகளிலும் சுற்றி வந்து சிரிக்கப்பட்டது. அவள் அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவர் உட்காரும் கேஷ் கூண்டுக்கு நேர் மேலே ஒரு பலகை மட்டும் அடிக்கடி நழுவித் தொங்கும். அவர் நாற்காலியில் ஏறி நின்று குடை நுனியால் அதை உள்ளே தள்ளிவிட்டு, தோளில் விழுந்ததைத் தட்டிக்கொண்டே இறங்குவார். அதற்கும் ஒரு கோமாளித்தனம் வைத்திருந்தார்.

பிறகு ஒருநாள் ஏசி ஓடவில்லை. பழுது பார்க்க வந்த மெக்கானிக் ஏணியில் ஏறி, ஒரு பலகையை நகர்த்தி, விளக்கடித்துப் பார்த்தான். ஏறியதைவிட மெதுவாக இறங்கினான். "இதை நான் தொட மாட்டேன் சார். மேல இரும்பு உத்தரம் பூரா ஆஸ்பெஸ்டாஸ் பூசியிருக்கு. பொடிஞ்சு பலகை மேல கொட்டிக் கிடக்கு" என்றான். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கொட்டகைக்குப் போடும் தகடுதானே என்று மேனேஜர் கேட்டார். "இது மூச்சுல போனா நெஞ்சுக்கு ஆபத்து சார்" என்று மெக்கானிக் ஏணியை மடித்தான். அதற்கப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. முகமூடி போட்டவர்கள் வந்து தூசியைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். மாடிக்கு சீல் வைத்தார்கள். அலுவலகம், மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடைக்கு இடம் மாறியது. தூண்களில் கட்டில், பீரோவின் விலைச் சீட்டுகள் இன்னும் ஒட்டியிருந்தன. ஊழியர்கள் அத்தனை பேரையும் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள்.

தான் சொன்னது சரியாகிப்போன நாள் எப்படி இருக்கும் என்று அவள் பலமுறை கற்பனை செய்ததுண்டு. அந்த நாள் வந்தபோது யாரும் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவரவர் நெஞ்சைப் பற்றிய கவலை அவரவருக்கு. டாக்டரிடமாவது சொல்லலாமென்று, தான் அங்கே வருடக்கணக்காகத் தும்மியதைச் சொன்னாள். அவர் அவளுடைய படத்தை வெளிச்சத்தில் பார்த்தபடி சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு. தும்மல் காகிதத் தூசியால வந்திருக்கும். இது தும்ம வைக்காது. சத்தமே இல்லாம உள்ள போய் உக்காந்துக்கும்." அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஒண்ணுமில்லை என்பதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஏமாற்றப்பட்டவள்போல உணர்ந்தபடி படிக்கட்டில் இறங்கினாள்.

இப்போது கேஷியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எக்ஸ்ரேல நுரையீரலைச் சுத்தி இருக்கிற உறை தடிச்சிருக்காம். கொஞ்சம் நீரும் கோத்திருக்காம். ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கணுமாம். துணைக்கு ஆள் இல்லாம எடுக்க மாட்டாங்களாம்."

"வீட்டுல சொல்லலையா?"

"போன வருஷம்தான் என் சம்சாரத்தோட தம்பி செத்துப்போனான். ஆஸ்பத்திரியில அவதான் கூடவே கிடந்தா. இன்னும் அதுலேர்ந்தே எழுந்திருக்கல. என்னன்னு உறுதியா தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"இங்க எத்தனையோ பேர் இருக்காங்களே. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"மத்தவங்ககிட்ட சொன்னா நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள விஷயம் போய்ச் சேர்ந்துடும். நீங்க ஒருத்தர்தான் என்கிட்ட பேசவே மாட்டீங்க."

சிரிப்பதா கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவர் முத்திரையைக் கையில் எடுத்து, தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அலுவலகம் இடம் மாறியதால் விடுமுறையன்றும் வேலை இருக்கிறது என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார். முதல் ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை. நீரை எடுத்துச் சோதித்தார்கள். இன்னொரு ஸ்கேன் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் சதையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். "ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம்" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். காத்திருக்கும் நேரத்தில் கேஷியர் ஜோக் அடிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அவளுக்குக் கொடுத்தார். பழைய கோபத்தை அவள் தேடிப் பார்த்தாள், அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பெண்மணி சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தாள். விலைச் சீட்டு ஒட்டிய தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகத் தபால் பிரிவுக்கு வந்தாள்.

"நீங்கதானே தும்மல்...?" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்க. அவர் வீட்டுல அப்படித்தான் சொல்வார். உங்க பேரு எனக்குத் தெரியாது."

"பரவாயில்ல, அதுவே போதும். உக்காருங்க. சார் பேங்க்குக்குப் போயிருக்கார்."

"தெரியும். அதான் இப்ப வந்தேன்." பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தினமும் சாயந்திரம் வந்ததும் உங்களைப் பத்தி ஏதாவது சொல்லிச் சிரிப்பார். தும்மல் இன்னிக்கு இதைப் பண்ணுச்சு, அதைப் பண்ணுச்சுன்னு. கொஞ்ச நாளா உங்க பேச்சையே எடுக்கறதில்ல. நானா கேட்டாலும் பேச்சை மாத்திடறார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க உங்க ரெண்டு பேரையும் பஸ்ல பார்த்திருக்காங்க. சனிக்கிழமை ஆபீஸ் உண்டான்னு போன் பண்ணிக் கேட்டேன். கிடையாதுன்னு வாட்ச்மேன் சொல்லிட்டார்."

அவள் கையிலிருந்த உறையை மேசைமேல் வைத்தாள். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, கல்யாணம் கூடிவரவில்லை. இப்படி ஒரு சந்தேகம் தன்மேல் விழும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒரு கணம் உள்ளே எங்கோ கூச்சமான ஒரு குறுகுறுப்பு ஓடியது. அது தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எதிரே இருந்தவளின் கண்கள் தூங்காமல் உள்ளே போயிருந்தன. உண்மையைச் சொன்னால் இந்தச் சந்தேகம் போய்விடும். அதன் இடத்தில் வந்து உட்காரப்போவது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இதற்காகவா அவர் தன்னைத் தேர்ந்தெடுத்தார் என்று இப்போதுதான் கோபம் முழுசாக வந்தது.

"நான் எதுவும் சொல்றதுக்கில்ல. நாளன்னிக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. மாடியில ஸ்கேன் எடுக்கிற இடம். அங்கதான் இருப்போம்."

அந்தப் பெண்மணியின் கைகள் பையில் இறுகின.

"யாருக்கு?" என்றாள். பிறகு சட்டென்று, ஆசையோடு கேட்பதுபோல, "உங்களுக்கா?" என்றாள்.

அவள் உறைகளை அடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்மணி எழுந்தாள். எதற்கு வந்தோம் என்பதையே மறந்தவளாக, கொண்டுவந்த பையைத் தூக்கிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை அவர்கள் மாடியேறியபோது, அந்தப் பெண்மணி ஏற்கெனவே அங்கே வரிசையின் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேஷியர் கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"சொல்லிட்டீங்களா?"

"இடத்தை மட்டும்தான் சொன்னேன்."

அவர் மனைவியிடம் போய் நின்றார். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டா வந்தீங்க?" என்றாள். "வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க" என்றார். "அதான் காலைல டிபன் வேண்டாம்னீங்களா" என்றாள். அவ்வளவுதான். நர்ஸ் கூப்பிட்டதும் அவர் உடை மாற்ற உள்ளே போனார்.

இரண்டு பெண்களும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எதனாலயாம்?" என்றாள் மனைவி.

"பழைய ஆபீஸ் கூரைத் தூசின்னு சொல்றாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"நீங்களும் அங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

அந்தப் பெண்மணி தலையை ஆட்டினாள். அதில் குற்றச்சாட்டு இருந்ததா என்று அவள் பார்த்தாள். இருந்ததுபோலத் தெரிந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உள் கதவு திறந்து கேஷியர் வெளியே வந்தார். ஆஸ்பத்திரியின் நீல அங்கி அவருக்கு முழங்காலுக்கு மேலேயே நின்றது. புறங்கையில் ஊசி செருகிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால், அந்தக் கையை ஒரு பாத்திரத்தைப்போல நீட்டிப் பிடித்திருந்தார். அங்கியின் முடிச்சுகள் முதுகுப் பக்கம் அவிழ்ந்து தொங்கின. ஒற்றைக் கையால் கட்டிப் பார்த்து முடியாமல் வந்திருக்கிறார். வராந்தாவில் இருந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மனைவி எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். கழுத்தருகே இருந்த நாடாக்களை எடுத்து முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்துவிட்டு, மேலே இன்னொரு முடிச்சுப் போட்டாள். அப்புறம் அதற்குக் கீழே இருந்ததை எடுத்தாள். ஸ்கேன் அறை ஊழியன் கதவைத் திறந்து பிடித்தபடி, "வாங்க சார்" என்றான். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அவர் அசையாமல் நின்றார். அவள் அவசரப்படவில்லை. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு நாடாவாக எடுத்து, நின்று நிதானித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.