முதலாளி இடுப்பில் கீக் கீக்

எங்கள் முதலாளி ஆத்தப்பனுக்குக் கடவுள் கொடுத்த இரண்டு காதும் போதவில்லை. மண்ணரையில் அவருடைய பனியன் கம்பெனி மூன்று மாடி. மாடிக்கு ஒரு சூப்பர்வைசர், ஆளுக்கொரு வாக்கி டாக்கி. அவர்தான் வாங்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகு தூக்கம் போய்விட்டது. தன் முதுகுக்குப் பின்னால் அதில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டுமே! சென்னைக்குப் போய் ஒரு பழைய ரேடியோ ஸ்கேனரை வாங்கி வந்தார். காற்றில் போகிற பேச்சைப் பிடித்துக் கொடுக்கிற கறுப்புப் பெட்டி. அதை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, போலீஸ் அதிகாரி போலப் படியேறுவார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. கத்திரிக்கோல், ஜெனரேட்டர், கால்குலேட்டர், டீ கேன் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்கேனரை மட்டும் யாரையும் தொட விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவரே பூஜை செய்தார்.

மறுநாளிலிருந்து அது 'கீக் கீக்' என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் காதில் விழாது. புது பேட்டரி போட்டாலும் கீக் கீக்தான். எங்களுக்கோ கொண்டாட்டம். படிக்கட்டில் சத்தம் கேட்டதும் சூப்பர்வைசர்கள் டீ கிளாஸை ஒளிப்பார்கள், நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

மாட்டிக்கொண்டது ஸ்டோர் பார்க்கிற வீரணன். பேட்டரி வாங்கி வருவது அவர் வேலை. திருச்சுழிப் பக்கத்துக் குடும்பம். மனைவி விஜயராணி என்னோடு செக்கிங் டேபிளில் நிற்கிறாள். மகள் வேல்விழி இங்கேதான் பத்தாவது படிக்கிறாள். குடியிருப்பது கம்பெனிக்குப் பின்னால், முதலாளி கொடுத்த லைன் வீட்டில்.

"ஏப்பா வீரணா, புதுசை நீ வெச்சுக்கிட்டு எனக்குப் பழசைக் குடுக்கறயா? சனிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கோணும். இல்லீன்னா ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குக் கெளம்பு" என்றார் ஆத்தப்பன்.

பரீட்சை வருகிற நேரத்தில் பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? வீரணனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளி குப்பையில் வீசிய பேட்டரிகளை விஜயராணி எடுத்து வைத்திருந்தாள். அவள் வீட்டுக் கடிகாரம், டார்ச், பக்கத்து வீட்டு டார்ச் எல்லாம் அதில்தான் ஓடின. தீர்ந்துபோன பேட்டரி எப்படி ஓடுகிறது என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. சும்மா கிடைத்த வெளிச்சத்தை யார் விசாரிப்பார்கள்?

சனிக்கிழமை ஆத்தப்பன் விசாரித்தார். லைன் வீட்டுக்குள் நேராக நுழைந்து, அலமாரியில் இருந்த டார்ச்சை எடுத்து அமுக்கினார். பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா! என்ற பேட்டரி! திருட்டுப் பொருளு திருடன் ஊட்டுலயே எரியுது பாருங்க!"

வாசலில் கூடியிருந்த எங்களிடம்தான் சொன்னார். வீரணன் தலை குனிந்துவிட்டது. விஜயராணி குனியவில்லை.

"நீங்க குப்பையில போட்டதத்தான் மொதலாளி எடுத்தேன். சந்தேகம்னா இதையே உங்க பெட்டியில போட்டுப் பாருங்க."

போட்டார். கீக் கீக். கழற்றி டார்ச்சில் போட்டார். பளிச். முதலாளியின் முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை.

விஜயராணி டார்ச்சை வாங்கி, திறந்து கிடந்த பெட்டிக்குள் அடித்தாள். பேட்டரி உட்கார வேண்டிய ஸ்பிரிங்குகளில் காய்ந்துபோன சந்தனம். நடுவில் அழகாகக் குங்குமம்.

"இது யாரு வச்ச பொட்டு மொதலாளி?"

"சக்தி உள்ளதானுங்க இருக்குது... அதான், உள்ள வெச்சமுங்க" என்றார். ஊருக்கெல்லாம் போடுகிற 'ங்க'வை அன்றைக்குத்தான் அவளுக்குப் போட்டார்.

அவள் நூல் வெட்டுகிற ட்ரிம்மரால் சந்தனத்தைச் சுரண்டினாள். வேஸ்ட் துணியால் துடைத்தாள். பேட்டரியைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். கீக் இல்லை. பெட்டி கொஞ்சம் இரைந்தது. பிறகு அயர்னிங் சூப்பர்வைசர் முனீஸின் குரல் வந்தது.

"அண்ணே, கீக் சத்தத்தையே காணோம். ஆளு எங்கன நிக்காரு?"

கட்டிங் ஜெயபாண்டி பதில் சொன்னான். "வீரணன் ரூமக் கெளறிக்கிட்டு இருக்காரு. நாலு பேட்டரிக்காக ஒரு குடும்பத்தத் தெருவுல விடுறான். இவனெல்லாம் மனுசனாடா?"

சென்னைச் சரக்கு நல்ல சரக்குதான். ஒரு சொல் சிதறவில்லை. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்தது வேறு கதை. ஆத்தப்பன் பெட்டியை அணைத்து, பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். ரூமைக் காலி செய்யச் சொல்லவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை.

இனி வாயை அடக்கி வேலை பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போனோம். படிக்கட்டில் கீக் கீக் கேட்டது.

சாமிக்கு வைத்த பொட்டை அழித்தது தெய்வ குற்றமாம். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, அவர் கையாலேயே மறுபடியும் வைத்துக்கொண்டாராம். மேனேஜர்தான் சொன்னார்.

பேட்டரி வாங்கி வரச் சொல்லி வீரணனை அவர் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.