இடது பக்கத்து நட்

வலது பக்கத்து நட்டைக் கழற்றவே அரை நாள் போய்விட்டது. நேற்றே டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. நட் தானாகக் கழன்றுவிடாதபடி குறுக்கே செருகியிருந்த பின் துருவோடு துருவாக ஒட்டிக்கிடந்தது. இடுக்கியால் இழுத்தபோது தலை மட்டும் கையோடு வந்தது. மெக்கானிக் அதை மெல்லிய ட்ரில்லால் துளைத்து எடுத்தாள். பிறகு நட்டைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, மெழுகுவர்த்தியை வைத்து அழுத்தினாள். மெழுகு உருகி மரைப் பற்களுக்குள் இறங்கியது.

“நட்டுக்குப் பிறந்தநாளா முதலாளி? மெழுகுவத்தியெல்லாம் பலமா இருக்கு,” என்றார் கணவர். அதே பட்டறையில் நசுங்கிய தகடுகளைத் தட்டி நேராக்கும் டிங்கர் வேலை அவருக்கு.

“வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடிங்க.”

கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி, கடைசியில் கிறீச்சென்று நட் வழிக்கு வந்தது. இரண்டு பேரும் இரு பக்கமும் சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்ததில் டை ராடு டப்பென்று விடுபட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பும் கம்பி அது. பழைய கார் வாங்குகிற ஒருவர் முன்பக்கத்து இரும்பெல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தார். நாலு மணிக்கு வண்டியோடு வருவார்.

ஒன்பது வருஷமாக அந்தக் கார் ஷெட்டின் மூலையில், இடது பக்கம் சுவரில் சாய்ந்தபடி கிடந்தது. விபத்து நடந்த அன்றைக்கு ஓட்டியவன் அவள் தம்பி. பக்கத்தில் அம்மா. நேரான சாலையில் கார் மரத்தில் மோதி, அம்மாவின் இடுப்பெலும்பு நொறுங்கியது. “ஸ்டியரிங் சும்மா சுத்துச்சுக்கா,” என்றான் தம்பி. அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. “நாலு நாள் முன்னாடி நான் மாட்டின ஸ்டியரிங் எப்படிடா கழண்டுக்கும்? தூங்கிட்டேன்னு சொல்லு,” என்றாள். வண்டி விஷயத்தில் அவள் ஒன்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அம்மா மகனோடு பேசுவதை விட்டாள். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

அதுவரை அக்காவும் தம்பியும் சேர்ந்தே வேலை செய்தார்கள். எந்தக் கார் வந்தாலும் இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் அவனுக்கு. குறை வந்தால் யார் கை என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவளே போட்ட ஏற்பாடு அது.

சங்கிலி போட்டு காரைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். இடது பக்கத்துக்கும் அரை நாள் பிடிக்கும் என்று நினைத்தபடி அவள் கீழே படுத்தாள். கம்பி ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. நட் இல்லை. மோதியதில் பிய்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். காய்ந்த மண்ணையும் கிரீஸையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள்.

கம்பி நுனியில் மரை முழுசாக இருந்தது. ஒரு பல்கூட நசுங்கவில்லை. பின் போடும் ஓட்டையில் அடைத்திருந்த மண்ணை ஆணியால் குத்தினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

அவள் படுத்த இடத்திலிருந்து எழவில்லை.

“என்னாச்சு?” கணவர் குனிந்து பார்த்தார்.

“பின் போடல.”

“துரு தின்னிருக்கும்.”

“மரையை விட்டுட்டுப் பின்னை மட்டும் தின்னுமா? பிய்ஞ்சிருந்தா ஒரு துண்டாவது உள்ள இருக்கணும். நட் தானா சுத்திச் சுத்திக் கழண்டிருக்கு.” ஓட்டையைத் தொட்டுக் காட்டினாள். “இது என் பக்கம்.”

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். நட்டை மாட்டினாளா, பின் எடுக்கப் போனாளா, நடுவில் யாராவது கூப்பிட்டார்களா? ஒன்றுமே வரவில்லை. மற்ற எத்தனையோ நாட்களைப்போல அதுவும் ஒரு வேலை நாள்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். “நாலு மணிக்கு அந்த ஆள் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவார். யாருக்குத் தெரியப்போகுது? விடு.”

வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

“சொல்லு,” என்றான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

“நீ தூங்கலடா.”

அவளே தொடர்ந்தாள்.

“இடது பக்கம் பின் இல்ல. நான் போடல. இப்பத்தான் பார்த்தேன்.”

“இதை எதுக்கு எங்கிட்ட சொல்ற?” என்றான் தம்பி. “நான் தூங்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு.” வைத்துவிட்டான்.

கம்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டின் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனாள். அம்மா வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவைத்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

சொன்னாள். ஓட்டையைக் காட்டினாள். அம்மாவின் கத்தி பீன்ஸின் பாதியில் நின்றது.

“நீதானே சொன்ன, தூங்கிட்டான்னு.”

“நான்தாம்மா சொன்னேன்.”

அம்மா இரும்பைத் தொடவில்லை. அதையே வெறித்தாள்.

“ஆஸ்பத்திரியில என் காலைப் பிடிச்சுக்கிட்டான். தூங்கலம்மா, தூங்கலம்மான்னு அதையே சொன்னான்,” என்றாள். “காலை இழுத்துக்க முடியல எனக்கு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.”

வெளியே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கணவர் யாரிடமோ பேசும் குரல் கேட்டது.

“அவன் நம்பர் எங்கிட்ட இல்ல. நீ போடு,” என்றாள் அம்மா.

போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“மறுபடியும் போடு,” என்றாள் அம்மா.