வெளுத்த காப்பிக் கெண்டி

பொய் சொல்ல எனக்கு யோசிக்கவே நேரம் பிடிக்கவில்லை. "சுந்தரம், பெட்டிய நீ தொறந்தியா?" என்று சுசித்ரா அம்மா கேட்டார்கள். "இல்லம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லில் மொக்கச்சாமியின் பிழைப்பு போய்விட்டது.

நான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரி. பதினெட்டு வருஷமாக. முதலாளி சுசித்ரா அம்மாவின் வீடு போடியில் இருக்கிறது. அந்தப் பெட்டியிலுள்ள டீ, காப்பி செட்டும் அங்கேதான் இருந்தது. யாரோ ஒரு மகாராஜாவுக்காகச் சீமையில் செய்ததாம், வெள்ளியில் தங்க முலாம். டீக்கு ஒரு கெண்டி, காப்பிக்கு ஒரு கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், தாம்பாளம். அரண்மனைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அம்மாவின் மாமனார் எடுத்திருக்கிறார். அதில் யாரும் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. ராஜாவாவது குடித்தாரோ என்னவோ.

போன ஐப்பசியில் அம்மாவின் மகனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் மதியம் ஜீப்பு டிரைவர் மொக்கச்சாமி பெட்டியைக் கொண்டுவந்து அடுப்படியில் இறக்கினான்.

"போடியிலயே பஞ்சராகி ஒரு மணி நேரம் போச்சுக்கா. இத யாரும் தொட வேணாமாம். காலையில அம்மாவே வந்து தொறந்துக்கிறாகளாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொடாமல் இருந்திருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! கறுத்துக் கிடந்தால் மானம் போவது என் அடுப்படிக்கு என்று கொக்கியைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் மஞ்சளாக மின்னின. காப்பிக் கெண்டியின் அடியில் மட்டும் கொஞ்சம் மங்கல். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று ஆக்குகிறவள் நான். இதற்கும் அதைத்தான் போட்டேன்.

நாலு தேய்ப்பில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். திட்டுத் திட்டாக இருந்தால்தானே கண்டுபிடிப்பார்கள், முழுக்க ஒரே நிறமாகிவிட்டால் தெரியாது என்று ஒரு கோணல் புத்தி. மூக்கு, மூடி, கைப்பிடி என்று ஒரு இடம் விடாமல் தேய்த்து, கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் அம்மா பெட்டியைத் திறந்ததும், "இது நம்ம கெண்டியே இல்ல" என்றார்கள். "யாரோ வெறும் வெள்ளியில ஒண்ண வச்சு மாத்திட்டாங்க." அப்போதுதான் என்னைக் கேட்டார்கள். அடுத்து மொக்கச்சாமியை. அவன் பஞ்சர் என்றான். அந்த ஒரு மணி நேரமே அவனுக்கு எமனாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் வரும் நேரம், போலீஸ் வேண்டாம், சாவியை வைத்துவிட்டு இறங்கிப்போ என்றார்கள். "அக்கா, நீ சொல்லேன்" என்று என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

எட்டு மாசம் வாயைத் திறக்கவில்லை. திருட்டுப் பட்டத்தோடு வந்தவனுக்குப் போடியில் யாரும் ஜீப்பு கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ராசிங்காபுரத்தில் வெங்காய மூட்டை தூக்குகிறான் என்றார்கள். அப்போதும் கல்லாகத்தான் இருந்தேன். போன வாரம் அவன் மகள் சுஜிதாவுக்குப் பேசி முடித்த சம்பந்தம், "களவாணி வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்" என்று முறிந்துபோனது. அதைக் கேட்டபின் சோறு இறங்கவில்லை. நேரே அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அன்றைக்கே பஸ்சு பிடித்து ராசிங்காபுரம் போனேன். மொக்கச்சாமி கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, "வாக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். "மேல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீ ஒருத்திதேன் என்னைய நம்பி வந்திருக்க. ஏ தேவி, அக்காவுக்குக் காப்பி கொண்டா" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

அந்தக் காப்பியை எப்படிக் குடிப்பேன்? "நாந்தேன்டா தேய்ச்சேன்" என்றேன். நின்றபடியே புளியிலிருந்து பொய் வரைக்கும் சொன்னேன். தேவி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். "அம்மாட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"இன்னைக்குக் காலையில சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"ஏன் சுந்தரம் இப்படிப் பண்ணுனன்னாங்க. சரி, தெரியாமப் பண்ணிட்ட, போய் வேலையப் பாருன்னுட்டாங்க."

மொக்கச்சாமி என்னையே பார்த்தான்.

"அம்புட்டுத்தானாக்கா?"

"அம்புட்டுத்தேன்" என்றேன்.