அரை மிதி

வால்வு இடைவெளியை அளக்கும் தகட்டை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார் பென்ட்டி. வழுக்கிக்கொண்டு வந்தது. திருகை ஒரு மயிரிழை திருப்பி மறுபடி இழுத்தார். இப்போது லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தது. எட்டு வால்வுக்கும் இப்படித்தான். பந்தயத் திடலில் மற்ற கார்களெல்லாம் உறுமிக்கொண்டிருக்க, அவருடைய வண்டி மட்டும் வாயைத் திறந்துகொண்டு குளிரில் நின்றது.

"முடிஞ்சுதா, இல்ல அதுக்குப் பல்லும் விளக்கி விடப்போறியா?" என்று கேட்டார் மனைவி ஐரி. வண்டியை ஓட்டுவது அவர்தான். இருபத்தாறு வருஷமாக மண் ரோட்டிலும் பனியிலும் தபால் வண்டி ஓட்டுகிற கை.

"முடிஞ்சுது. ஞாபகம் இருக்கா? மூணாவது வளைவுல நிப்பேன். தலையில சிவப்புத் தொப்பி இருக்கிறவரைக்கும் அரை மிதிதான்."

"மூணு வருஷமா அரை மிதிதானே மிதிக்கிறேன். கால் மரத்தே போச்சு."

முப்பது வருஷத்துப் பழைய நாலு சிலிண்டர் வண்டி. காயலாங்கடையில் கிடந்தபோது எஞ்சினில் எண்பது குதிரைசக்திகூட உயிரோடு இல்லை. மரஅறுவை மில்லின் பட்டறையை மூடி பென்ட்டியை வீட்டுக்கு அனுப்பிய வருஷம்தான் அதை வாங்கினார். மூன்று குளிர்காலம் வேறு சிந்தனையே இல்லை. எஞ்சினின் தலைமூடியான ஹெட்டின் அடிப்பக்கத்தை இழைத்து கம்ப்ரஷனை ஏற்றினார். அதில் காற்றும் புகையும் போய்வரும் துளைகளைச் சின்ன அரவை மெஷினால் அகலப்படுத்தி, எமரித் தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்துத் தேய்த்து, புகைத் துளைகளில் முகம் தெரிகிறவரை விடவில்லை. ஒற்றை கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு வைத்தார். ஃப்ளைவீல் சக்கரத்தை, மில்லின் லேத்தை விற்பதற்கு முந்தின வாரம், பழைய கூட்டாளி தார்மோ சாப்பாட்டு நேரத்தில் கடைந்து நாலு கிலோ குறைத்துக் கொடுத்தார். பின் சீட்டு, ஹீட்டர், கதவு அட்டை எல்லாம் குப்பைக்குப் போயின. இப்போது நூற்று முப்பது குதிரைக்குக் குறையாது. அது பென்ட்டிக்கும் ஐரிக்கும் தார்மோவுக்கும்தான் தெரியும்.

தெரியக்கூடாது. ஃபின்லாந்தின் இந்த மண் திடல் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. அன்றைக்கு ஓட்டிய யார் வேண்டுமானாலும் இரண்டாயிரம் யூரோவை உறையில் போட்டு எந்த வண்டியையும் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். மாட்டேன் என்றால் லைசென்ஸ் போச்சு. பணக்காரன் காசைக் கொட்டி வண்டியை முடுக்கக் கூடாது, இல்லாதவனும் ஜெயிக்கவேண்டும் என்று ஏதோ நல்ல மனசுக்காரர்கள் போட்ட விதி. இரண்டாயிரம் யார் வீட்டில் சும்மா கிடக்கும் என்று அந்த நல்ல மனசுகளுக்குத் தோன்றவில்லை. அதனால் வண்டி யார் கண்ணையும் உறுத்தாதபடி பென்ட்டி தம்பதி எப்போதும் மூன்றாவதாக வந்து, ஒரு காப்பிப்பொடிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் பென்ட்டி ஸாஸேஜ் கடைக்குப் போனார். அங்கே ஓஸ்காரி நின்றான். மில் முதலாளியின் மகன். அப்பன் சம்பாதித்த மில்லை உட்கார்ந்து தின்பவன். பந்தய உடுப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் அதில் பட்டிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பான். பக்கத்தில் தார்மோ. அவருக்கு இப்போது மில்லில் பலகை அடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓஸ்காரியின் வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிற வேலையும் உண்டு, சம்பளமில்லாமல்.

இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் பேசுவார்கள். அந்தச் சமத்துவத்துக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

"என்ன பென்ட்டி, இன்னைக்கும் மூணாவதா?" என்றான் ஓஸ்காரி, வாயில் கடுகுச் சாந்தோடு.

"பார்க்கலாம்."

"உன் பட்டறையை மூடினப்போ எனக்கே கொஞ்சம் மனசு உறுத்துச்சு தெரியுமா? இப்ப இல்ல. முப்பத்தொரு வருஷம் மெஷின் பார்த்த ஆளு, ஒரு ஓட்டை வண்டியை முன்னால கொண்டுவரத் தெரியலையே. இத்தனை நாள் எங்கப்பா எதுக்குச் சம்பளம் கொடுத்தாரு?"

கடைக்காரர் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். தார்மோ தன் கையிலிருந்த ஸாஸேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்ட்டி வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினார்.

முதல் நாலு ரவுண்டும் தொப்பி தலையில்தான் இருந்தது. ஓஸ்காரி முன்னால், தார்மோ அடுத்து, ஐரி மூன்றாவது. ஐந்தாவது ரவுண்டில் ஓஸ்காரி வளைவில் சேற்றை வாரி வேலிமேல் இறைத்துவிட்டுப் போனான். பென்ட்டி முகத்தைத் துடைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஐரி அதைப் பார்த்தார். ஒரு கணம் நம்பவில்லை. அப்புறம் மிதித்தார்.

அந்தச் சத்தத்தை அந்தத் திடலில் யாரும் கேட்டதில்லை. நேர்ப்பாதையில் தார்மோவைத் தாண்டி, அடுத்த வளைவில் வெளிப்பக்கமாகப் போய் ஓஸ்காரியையும் விழுங்கிவிட்டு, கடைசிக் கோட்டை ஐரி தாண்டியபோது பின்னால் யாருமே கண்ணுக்குத் தெரியவில்லை. பென்ட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆறு டிகிரி குளிரில் அவருடைய வழுக்கைத் தலை ஆவி விட்டது.

கோப்பையும் ஆறு பொட்டலம் காப்பிப்பொடியும் கொடுத்தார்கள். பிறகு உறைகள் வந்தன. நாலு உறை. ஒன்று ஓஸ்காரியுடையது. மற்ற மூன்றும் அவன் வண்டிகளை ஓட்டிய மில் ஆட்களுடையவை. பலர் கேட்டால் சீட்டுக் குலுக்குவார்கள். நடத்துகிறவர் தகர டப்பாவில் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார்.

"தார்மோ!"

"அப்பாடா," என்று ஐரியின் கையைப் பிடித்தார் பென்ட்டி. "தார்மோதான். நம்மாளு. திருப்பிக் கேட்டுக்கலாம்."

தார்மோ சாவியை வாங்கினார். திரும்பியே பார்க்காமல் அதை ஓஸ்காரியின் கையில் வைத்தார்.

"தார்மோ?"

"என்னைப் பார்க்காத பென்ட்டி. உறையில இருந்தது என் காசு இல்ல. நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

ஓஸ்காரி வண்டியில் ஏறும்போது பென்ட்டி பின்னாலேயே ஓடினார். "தொண்ணூத்தெட்டு ஆக்டேன் பெட்ரோல் மட்டும் ஊத்து. ஸ்பார்க் டைமிங்கைத் தொடாதே. கம்ப்ரஷன் ஜாஸ்தி, தாங்காது."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கதவைச் சாத்தினான் அவன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஐரி கேட்டார்.

"உன்னை யாரு தொப்பியைக் கழட்டச் சொன்னா?"

"தலை வேர்த்துச்சு," என்றார் பென்ட்டி.

பத்து நாள் கழித்து, காலையில், ஐரி மில்லுக்குத் தபால் கொண்டுபோனார். அலுவலகக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற ரகம். எப்போதும் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருப்பார்கள். இன்றைக்கு எஞ்சின் ஹெட் ஒன்று கிடந்தது. ஐரிக்கு அது யாருடையது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"ஆங், உங்க தங்கம்தான்," என்றான் ஓஸ்காரி, சிகரெட்டும் கையுமாக. "பக்கத்து ஊருப் பந்தயத்துல நாலு ரவுண்டு தாங்கல. பிஸ்டன்ல ஓட்டை. பென்ட்டிகிட்ட சொல்லு, அவன் வேலையோட லட்சணம் இதுதான்னு."

"என்ன பெட்ரோல் ஊத்தின?"

"எது கிடைச்சுதோ அது. பெட்ரோல்னா பெட்ரோல். டைமிங்கையும் கொஞ்சம் ஏத்தி விட்டேன், இன்னும் பறக்கட்டுமேன்னு."

ஐரி குனிந்து அதைத் தூக்கப் போனார்.

"ஏய், அதை நகர்த்தாத. கதவு சாத்திக்கும்."

புகைத் துளைகள் நாலும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றில் சிகரெட் துண்டுகள் திணிக்கப்பட்டிருந்தன. நாலாவது மட்டும் இன்னும் கண்ணாடியாகப் பளபளத்தது. உள்ளே போன் அடித்தது. ஓஸ்காரி கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, குனிந்து, சிகரெட்டை அதில் வைத்து அணைத்துவிட்டு, தபாலுக்குக் கையை நீட்டினான்.