ஹார்டிகன் பப்பின் கடைசி ஞாயிறு

மலாக்கி குவர்க்குக்கு அந்த அவமானம் தொற்றிக்கொண்டது டவுன் சூப்பர்மார்க்கெட்டில், பில் போடும் வரிசையில். பால் லாரியை டிப்போவில் விட்டுவிட்டு வீடு திரும்பும் வழி. தள்ளுவண்டியில் பியர் டப்பாக்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து, "மழை விட்டுடுச்சு போலிருக்கே மலாக்கி," என்று ஒரு குரல்.

பிரீடா ஹார்டிகன். அவன் கிராமத்திலிருந்த ஒரே பப்பை நடத்திவந்த ஃபின்டனின் மனைவி. தள்ளுவண்டியை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் முறை வரும்வரை மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாகச் சொல்லிவைத்தான். மனைவி இறந்த பிறகு அவன் வீட்டுப் படியை யாரும் மிதித்ததில்லை என்பது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதுவரை வெள்ளிக்கிழமைகளிலாவது பப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிறகு அதுவும் நின்றது. அவள் முகத்தில் எப்படி விழிப்பது? தேவாலயத்திலிருந்து வீட்டுக்குப் போக பப் வாசல் வழிதான் குறுக்கு. அவன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

ஒரு காலத்தில் ஹார்டிகன் பப்பில் நிற்க இடம் கிடைக்காது. மாட்டுச் சந்தை நாளில் வாசல் வரை ஆள் வழியும். கல்யாணம் பேசி முடித்ததும் அங்கேதான், நிலத்தகராறில் மூக்கை உடைத்துக்கொண்டதும் அங்கேதான். அப்புறம் பால் பண்ணையை மூடினார்கள். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார்கள். வளைவில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். டவுன் கடையில் டப்பா பியர் பாதி விலைக்குக் கிடைத்தது. யாரும் பப்பை வெறுக்கவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மலாக்கியின் அப்பா பேட்ரிக்குக்குக் கணப்புக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு இடம் உண்டு. அவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் பப் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஃபின்டன் தலைகுனிந்து நின்றான். ஒரு வாரம் கழித்து, அந்த இடத்தில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றை அவனே திருகிவைத்தான். யாரும் அவனிடம் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். வருகிற ஞாயிறோடு மூடுகிறோம், எல்லோருக்கும் நன்றி.

அந்த ஞாயிறு மத்தியானம் ஊரே பப்பில் இருந்தது. வெளியூர் போனவர்கள்கூடக் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். ஃபின்டனும் பிரீடாவும் நிமிர நேரமில்லாமல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் வானொலியிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். பேசத் தெரிந்தவன் மலாக்கி என்று யாரோ அவனை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

பேசினான். நன்றாகவே பேசினான். சந்தை நாள், பாட்டு, பனியில் மாட்டிக்கொண்டு எல்லோரும் தரையிலேயே படுத்துத் தூங்கிய இரவு. "இது கடை இல்லைங்க, எங்க எல்லாருக்கும் இன்னொரு வீடு," என்றான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் ஓய்ந்தபோதுதான் பிரீடாவைப் பார்த்தான். கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. பிள்ளை பள்ளிக்கூட விழாவில் பேசுவதைக் கேட்கும் தாயைப்போலப் பொறுமையாக நின்றாள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

அந்தி சாய்வதற்குள் ஜனங்கள் ஞாபகத்துக்கு என்று ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் சுவரில் மாட்டியிருந்த பியர் விளம்பரக் கண்ணாடியைக் கேட்டான். இன்னொருவன் கேட்காமலே முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். எல்லாவற்றுக்கும் ஃபின்டன், "கொண்டு போ, கொண்டு போ," என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

மலாக்கி கணப்புப் பக்கம் போய்க் குனிந்து, சட்டைப்பையிலிருந்த சாவியின் முனையால் தகட்டின் திருகாணியை நெம்பிப் பார்த்தான். அசையவில்லை. சாவி வழுக்கி மரத்தில் கீறியது. பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. ஃபின்டன், கையில் திருப்புளியோடு.

"சாவியால வராதுடா. நல்லா இறுக்கி வெச்சேன் அன்னைக்கு," என்றான். முழங்கால் மடக்கி உட்கார்ந்து, திருகாணிகளைத் தானே கழற்றி, தகட்டைத் தன் மேலங்கியில் துடைத்துக் கையில் கொடுத்தான். "உங்கப்பா ஒரு நாள் தவறாம வருவாரு." அவ்வளவுதான் சொன்னான். எழுந்திருக்க அவனுக்குக் கைலாகு தேவைப்பட்டது. மலாக்கி கையை நீட்டினான். கண்ணை மட்டும் நிமிர்த்த முடியவில்லை.

தகட்டை வீட்டில் எங்கே வைத்தாலும் உறுத்தியது. கடைசியில் கரண்டிகளுக்கு அடியில் தள்ளி, அலமாரியைச் சாத்தினான்.

குளிர்காலம் பிறந்தபின் ஒரு நாள் சூப்பர்மார்க்கெட்டில் பியர் வரிசைக்குத் திரும்பியவன் அப்படியே நின்றான். பச்சை நிறச் சீருடை போட்டுக்கொண்டு ஃபின்டன் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். சீருடை தோளில் பெரிதாக இருந்தது. மலாக்கி தள்ளுவண்டியைத் திருப்பப் பார்த்தான். அதற்குள் ஃபின்டன் பார்த்துவிட்டான்.

"மலாக்கி, நீ எடுக்கறது இந்தப் பக்கம் மாத்திட்டாங்கடா. இந்த வாரம் தள்ளுபடி வேற," என்று ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். கேலி எதுவும் இல்லை. வாடிக்கையாளரைக் கவனிக்கும் அதே பழைய பாங்கு.

மலாக்கி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன்டா. பிரீடாவையும் கூட்டிட்டு வா. சும்மா உக்காந்து பேசிட்டிருக்கலாம்."

ஃபின்டன் அடுத்த பெட்டியின் நாடாவைக் கிழித்தான்.

"உக்காந்து பேசறதுக்குத்தான் ஒரு இடம் வெச்சிருந்தேனே," என்றான் சாதாரணமாக. பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவன்போல, "ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டிடா. இன்னொரு நாள் பாக்கலாம்," என்று சேர்த்துக்கொண்டான்.

வண்டியிலிருந்த பெட்டியைத் திருப்பி வைத்தால் அவன் மனம் நோகும், எடுத்துப் போனால் தன் மனம் நோகும். மலாக்கி பில் போடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். கல்லாவில் இருந்த பெண், வீட்டில் விசேஷமா என்று சிரித்தபடி கேட்டாள். இல்லையம்மா, எனக்குத்தான், என்றான்.