வலது கண்ணின் வளையம்

உடலைக் கிடத்திய சந்தூக்கின் முன்கால் வாசற்படியில் இடித்து நின்றது.

"இங்கிட்டு சாயுங்க... அங்கிட்டு இல்லப்பா, இங்கிட்டு. மெதுவா, மெதுவா."

ஆண்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து அடங்கின. உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த அஜீசாவுக்குச் சந்தூக்கின்மேல் விரித்திருந்த பச்சைத் துணியின் ஒரு நுனி மட்டுமே தெரிந்தது. அந்நுனி ஒருமுறை ஆடியது. பின்பு வாசல் வெளிச்சத்துக்குள் சென்று மறைந்தது. கலிமா ஓதும் ஓசை தெருவில் நகர்ந்து, பள்ளிவாசலை நோக்கித் திரும்பி, ஐஸ் பிளாண்டின் இரைச்சலில் கரைந்துபோயிற்று.

அன்று அதிகாலையில் நெஞ்சைத் தடவியபடி எழுந்து உட்கார்ந்தவர் அவளுடைய கணவர் பக்கீர் முகமது. அவள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தார். அவ்வளவுதான். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று ஜமாஅத்தில் முடிவாயிற்று. ஒரே மகன் நிஜாம் சார்ஜாவில் இருந்தான். எந்த விமானத்தில் ஏறினாலும் அவன் வந்துசேர மறுநாள் ஆகிவிடும்.

அவ்வூரில் பெண்கள் அடக்கம் நடக்கும் மையவாடிக்குச் செல்வதில்லை. வாசலோடு அவர்களுடைய வழியனுப்புதல் முடிந்துவிடும். அஜீசாவும் தன் மாமனாரை, மாமியாரை, தன் தகப்பனாரை அவ்வாறே அனுப்பிவைத்தவள்தான். ஆயினும் இன்று அவளுடைய கால்கள் திரையை விட்டு நகர மறுத்தன. அவரை மண்ணில் இறக்குவதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"மதினி, இப்புடி வந்து ஒக்காருங்க" என்றாள் பக்கீரின் தங்கை பவுசியா. கையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை இருந்தது. "நாலு மாசம் பத்து நாளு இத்தா முடியிற வரைக்கும் இனிமே இந்த ரூமுதான்."

"பவுசியா, நான் ஒரு எட்டு மாடிக்குப் போயிட்டு வாரேன்."

"மாடிக்கா? இப்ப அங்க என்ன இருக்கு?"

"அங்கருந்து மையவாடி தெரியும்."

சேலையைப் பிரித்துக்கொண்டிருந்த பவுசியாவின் கை நின்றது. "நல்லா இருக்கே கத! ஊரு ஆம்பளைங்க பூராவும் அங்கதான் நிக்கிறாங்க. பக்கீரு பொண்டாட்டி மொட்ட மாடியில நின்னு வேடிக்க பாத்தாளாம்னு நாளைக்குக் கடைத்தெருவுல பேசுவாங்க. வேணும்னா ஒண்ணு செய்யலாம். நிஜாமுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டப் போறாங்க. ஒங்களுக்கும் அதுலயே சேத்துக் காட்டச் சொல்றேன்."

"முப்பது வருஷம் போன்லயும் போட்டாவுலயும்தானே பாத்தேன்" என்றாள் அஜீசா.

பவுசியா சேலையை ஓரமாக வைத்தாள். உதறத் தேவையில்லாத பாயை எடுத்து உதறத் தொடங்கினாள்.

அஜீசா சொன்னது மிகையன்று. திருமணமான நாற்பதாம் நாள் பக்கீர் விமானம் ஏறினார். சார்ஜாவில் ஒரு துணிக்கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டே அவருடைய தலை நரைத்தது. அவர் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு மாடி எழும்பியது. நிரந்தரமாகத் திரும்பி வந்தபின், அந்த மாடியில் உட்கார்வதைத் தவிர அவருக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் என்ன பேசுவது என்று அறியாமல், விருந்தினர்போல் காப்பி குடித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. அப்போதுதான் வீட்டின் பின்புறச் சேற்றுத் திட்டில் பறவைகள் வந்திறங்கின. தூரத்தில் வெள்ளைக் கோடாகக் கிடப்பது பூநாரையா, கொக்கா என்று இருவருக்கும் வழக்கு உண்டாயிற்று. அந்த வழக்கைத் தீர்ப்பதற்காக அவர்கள் பஸ் ஏறித் திருச்சிக்குச் சென்றார்கள்.

கடைக்காரர் குணசேகரன் கண்ணாடிப் பெட்டியின்மேல் மூன்று பைனாகுலர்களை வரிசையாக வைத்தார். பக்கீரின் கண், பார்த்த மாத்திரத்தில் பெரியதின்மீது சென்றது.

"இது இருபது மடங்கு சார். நெலாவுல இருக்கிற பள்ளம்லாம் தெரியும்."

பக்கீர் அதைத் தூக்கி எதிர்த் தெருவின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். "என்ன சார், எழுத்து ஓடுது?"

"வெயிட்டு கூட இருக்குல்ல, அப்புடித்தான் இருக்கும். ஸ்டாண்டு போட்டுப் பாக்கணும். பறவை பாக்கிறதுக்குன்னா இந்த எட்டு மடங்க எடுத்துக்கங்க. இதுல பரப்பு அதிகம். பறக்கிறதத் தேடிப் பிடிக்கலாம். முன்கண்ணாடி பெருசா இருக்கிறதால மசங்கல் வெளிச்சத்துலயும் தெரியும். கை கொஞ்சம் ஆடினாலும் படம் ஆடாது."

"ஏன், என் கை என்ன ஆடுதா?"

குணசேகரன் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். பக்கீரின் வலக்கை ஆடத்தான் செய்தது. சில மாதங்களாகவே காப்பி சிந்தும்போதெல்லாம் அவர் டம்ளரைக் குறைசொல்வார். அவளும் டம்ளரை மாற்றி வைப்பாள். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை. அஜீசா பெரிய பைனாகுலரை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"யா அல்லா, கழுத்து ஒடிஞ்சு போகும். நானும் பாக்கணும்னா எனக்கு அந்தச் சின்னதுதான் தோதுப்படும்."

பக்கீரின் முகம் தெளிந்தது. "கேட்டீங்களா? அம்மா சொல்லிட்டாங்க. சின்னதையே குடுங்க" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த அறிமுகமற்றவரிடமும், "பெருசு வாங்கத்தான் போனேன், வீட்டுல ஒத்துக்கல" என்று பெருமையாகக் குறைபட்டுக்கொண்டார். அதன்பின் அவர் அதைச் சொல்லாத மாலை இல்லை. அவளும் மறுத்ததில்லை.

அந்தச் சின்னக் கருவியிலும் ஒரு சிக்கல் இருந்தது. இடது கண்ணுக்கு நடுச்சக்கரம். வலது கண்ணின் குறைநிறையைச் சரிசெய்ய, வலக்குழலில் தனியே ஒரு வளையம். புரை அறுவை செய்த பக்கீரின் வலது கண்ணுக்கு வளையம் ஓரமாக நிற்க வேண்டும். அஜீசாவுக்கு நடுவில் நிற்க வேண்டும். கைமாறும் ஒவ்வொரு முறையும் சண்டை வரும்.

"மறுபடி திருகிட்டியா? என் கண்ணு அளவு போச்சு."

"ஒங்க கண்ணு அளவுதான் ஊருக்கெல்லாம் அளவா?"

"நீ திருகி முடிக்கிறதுக்குள்ள நாரை மணமேல்குடிக்கே போயிருச்சு. இந்தா, வெறும் தண்ணியப் பாரு."

சென்ற வாரம்கூட மையவாடிப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெருச வாங்கியிருந்தா தலமாட்டு மீசான் கல்லுல இருக்கிற பேர இங்கருந்தே படிக்கலாம். எல்லாம் ஒன்னாலதான்."

பள்ளிவாசலிலிருந்து தொழுகை அழைப்பு எழுந்தது. பவுசியா கைகால் கழுவி ஒளுச் செய்யக் கிணற்றடிக்குச் சென்றாள். அடுக்களையில் கடுங்காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள். கடலில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று பேச்சு எழும்போதெல்லாம் பொன்னுத்தாய் இந்த மாடிக்குத்தான் ஓடிவருவாள். மகன் மலையாண்டியின் படகு கண்ணில் படும்வரை பக்கீரும் பைனாகுலரை இறக்கமாட்டார்.

"நீங்க போங்கக்கா" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "கேட்டாங்கன்னா துணி எடுக்கப் போயிருக்காங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

"தொழுகை முடியட்டும்" என்றாள் அஜீசா. முதலில் தொழுதாள். பவுசியா சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்குமுன் எழுந்து படியேறினாள்.

மாடியில் உண்மையாகவே துணி காய்ந்துகொண்டிருந்தது. நேற்று அவள் துவைத்துப் போட்ட அவருடைய கைலிகள் இரண்டு. அவற்றின் இடைவெளியில் நின்றுகொண்டாள், மறைவாக இருந்தது. மாடியறைச் சுவரின் ஆணியில் பைனாகுலர் உறையோடு தொங்கியது. அதை எடுத்துக் கண்ணில் வைத்தாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி இடித்து, சுற்றிலும் கருவட்டம் எழுந்தது. கண்ணாடி அணியாத பக்கீர், கண் வைக்கும் இடத்து ரப்பர் விளிம்புகள் இரண்டையும் உயர்த்தியே வைத்திருப்பார்; அவள்தான் மடித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கத்து விளிம்பை மடித்தாள். விரல் வழக்கம்போல் வலக்குழலின் வளையத்துக்குச் சென்றது.

சென்ற விரல் அங்கேயே நின்றது.

நேற்று மாலை அவள் மாடிக்கு வரவில்லை. அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. "அஜீசா, ஆலாக் கூட்டம் வந்திருக்கு, ஏறி வா" என்று அவர் இருமுறை கூப்பிட்டார். "நீங்களே பாருங்க, இன்னிக்கு எனக்கு வேணாம்" என்று கீழிருந்தே சொல்லிவிட்டாள். எனவே வளையம் அவர் நிறுத்திய ஓரத்திலேயே இருந்தது.

அவள் விரலை எடுத்தாள். வலப்பக்கத்து ரப்பரையும் மடிக்கவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தை மட்டும் மெல்ல உருட்டினாள்.

ஒற்றைக் கண்ணில் உலகம் தட்டையாகத் தெளிந்தது. சேற்றுத் திட்டு, அதன் கரையில் உடைமுள் வேலி, வேலிக்கு அப்பால் வெள்ளைத் தொப்பிகள். மாலை வெயில் அவளுக்கு முதுகுப்பக்கம் இருந்ததால் எல்லாம் துலக்கமாகவே இருந்தன. ஆனால் சிறியவை. மனிதர்கள் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. அவளுடைய கைகள் நடுங்கின. தொப்பிகள் இலேசாக அசைந்தனவே தவிர ஓடிப்போய்விடவில்லை.

"மதினி."

மாடிப்படியிலிருந்து பவுசியாவின் குரல் வந்தது. அஜீசா திரும்பவில்லை. அடுத்து வரப்போகும் வசவுக்காகத் தோள்களை இறுக்கிக்கொண்டாள். வசவு வரவில்லை. படியில் யாரோ உட்காரும் ஓசை கேட்டது.

"எறக்கிட்டாங்களா?"

"இல்ல. இப்பத்தான் துணிய விரிச்சு மேல பிடிக்கிறாங்க."

"யாரு குழிக்குள்ள எறங்கியிருக்கா?"

"முதுகுதான் தெரியுது. நம்ம அர்ஷத் மாதிரி இருக்கு."

"எம்புள்ளயா?"

"ஆமா. சட்டக் கைய முழங்கை வரைக்கும் சுருட்டியிருக்கான். நிஜாம் எறங்க வேண்டிய எடத்துல அவன் எறங்கியிருக்கான்."

மூக்கை உறிஞ்சும் ஓசை வந்தது. "எங்கிட்ட கொஞ்சம் குடுங்க மதினி. அண்ணன ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்."

அஜீசா வளையத்தில் விரல் படாமல் பைனாகுலரை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். நான் சொல்றேன், நீ கேட்டுக்க."

பவுசியா ஒரு படி மேலேறி உட்கார்ந்தாள்.

அஜீசா சொன்னாள். வெள்ளையாக ஒன்று கைகளிலிருந்து கைகளுக்கு இறங்குவதைச் சொன்னாள். பலகை வைப்பதைச் சொன்னாள். ஒவ்வொருவராகக் குனிந்து மண் அள்ளிப் போடுவதைச் சொன்னாள். யாரோ ஒருவர் கைபேசியை நீட்டிப் பிடித்திருப்பதையும், அதன் முகப்பில் வெயில் பட்டு மின்னுவதையும் சொன்னாள். மண்வெட்டிகள் ஏறியிறங்கத் தொடங்கியபோது, திட்டில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்கள் ஒரே வீச்சில் எழுந்து, வட்டமிட்டு, சற்றுத் தள்ளி மீண்டும் இறங்கின. அதை அவள் சொல்லவில்லை.

"கூட்டம் கலைஞ்சிருச்சா?"

"கலையுது. தலமாட்டுல ஒருத்தர் தண்ணி தெளிக்கிறாரு."

"அப்ப எறங்கி வாங்க, மதினி. திரும்பி வாரவங்க பாத்துருவாங்க."

"நீ போ. வாரேன்."

பவுசியா இறங்கிப் போனாள். வேலிக்கு அப்பால் ஒருவரும் இல்லை என்றான பிறகும் அஜீசா வலது கண்ணைத் திறக்கவில்லை. கீழே கைபேசி ஒலித்தது. பொன்னுத்தாய் அதை ஏந்திக்கொண்டு மூச்சுவாங்க ஏறிவந்தாள்.

"அம்மா..." நிஜாம்தான் பேசினான். "எனக்கு நெட்வொர்க்கு நின்னு நின்னு வந்துச்சும்மா. முக்கியமான நேரத்துல சுத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்களாவது அத்தாவப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"சின்னதாத் தெரிஞ்சுச்சுப்பா."

அவன் அழுது முடிக்கும்வரை கைபேசியைக் காதில் வைத்திருந்தாள். பின்பு பொன்னுத்தாயிடம் கொடுத்து அனுப்பினாள். கொடியிலிருந்து கைலிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பைனாகுலரை உறைக்குள் வைத்தாள். இடது ரப்பர் மடிந்தும் வலது ரப்பர் நிமிர்ந்தும் இருந்தபடியால் மூடி ஒருபுறமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதை அழுத்தி மூடாமல், அப்படியே ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.