நாக்கு சுருண்டால் கப்பல்

தம்பையாவின் நாக்கு வெற்றிலைச் சுருள் மாதிரி அம்சமாகச் சுருண்டது. பக்கத்தில் நின்ற இராக்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு முடியுது!" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஸவாஹிரா டீச்சர். "வலப்பக்கத் தாள்ல கைநாட்டு வைங்க."

மை தோய்ந்த கட்டைவிரல் தாளை நோக்கி இறங்கியது.

"வைக்காதீங்க!" புருஷனின் மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தாள் இராக்கம்மா.

விஷயம் இதுதான். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் இந்தியாவுக்குப் போவதா, இலங்கையிலேயே இருப்பதா என்று பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவு தெரியாமல் தவித்த காலம் அது. தங்கள் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் இருவரும் தெமோதரையில் ரயிலேறிப் பதுளைக்கு வந்தார்கள். விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போகும் வழியில் ஒரு மண்டபம். வாசலில் நீண்ட வரிசை. உள்ளே மேசை, பதிவுப் புத்தகம், மைப்பெட்டி. விடிந்தால் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று வேலைக்குப் பேர் கொடுத்தே பழகிய கால்கள் யாரையும் கேட்காமல் போய் நின்றுவிட்டன. 'அன்றாட வாழ்வில் உயிரியல்: கண்காட்சி' என்று வாசலில் எழுதித்தான் இருந்தது. வரிசையில் இடம் பிடிக்கிற அவசரத்தில் யார் பலகையைப் பார்த்தார்கள்?

முதல் மேசையில் குழாயைக் காதில் மாட்டி, அவரவர் நெஞ்சு அடிப்பதை அவரவரையே கேட்க வைத்தார்கள். இரண்டாவதில் ஒரு சொட்டுத் தயிரைக் கண்ணாடிக்குள் பெரிதாக்கிக் காட்டினார்கள். "கப்பலேத்துறதுக்கு முந்தி இவ்வளவு சோதனையா!" என்று தம்பையா வியந்தான். மூன்றாவதில்தான் வினை காத்திருந்தது: நாக்கைச் சுருட்ட முடிந்தவர்களுக்கு வலப்பக்கம் ஒரு தாள், முடியாதவர்களுக்கு இடப்பக்கம் ஒரு தாள்.

முன்னால் நின்ற இராமையா கங்காணி யாரும் கேட்காமலே சட்டம் சொல்லியிருந்தார். "நாக்கு சுருண்டா கப்பல். சுருளாட்டி இங்கயே தோட்டத்து லயம்."

"யாரு சொன்னது கங்காணியாரே?" என்று கேட்டிருந்தான் தம்பையா.

"சொல்லணுமாக்கும்? தாளு எத்தன? ரெண்டு. நாடு எத்தன?"

புருஷனின் மணிக்கட்டை விடாமலே இராக்கம்மா வாயைத் திறந்தாள். நாக்கை நீட்டினாள், மடக்கினாள், விரலால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். தட்டையாகவே கிடந்தது பாழாய்ப்போன நாக்கு.

"முயற்சி பண்ணி வாறதில்லம்மா" என்றார் டீச்சர். "தாய் தகப்பன்கிட்ட இருந்து பொறப்புலயே வரணும்."

"செத்துப்போன அப்பன இப்ப எங்க போய்த் தேடுவேன்?"

தம்பையா முன்னே வந்தான். "டீச்சர், எனக்கும் சுருளாதுங்க."

"இப்பதானே சுருட்டினீங்க!"

"அது கைதவறிச் சுருண்டுருச்சுங்க. என்ன மட்டும் கப்பலேத்திராதீங்க."

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். "இது கண்காட்சி! பிள்ளைகள் படிக்கிறதுக்குக் கணக்கெடுக்கிறோம். ஒருத்தரையும் எங்கயும் அனுப்ப மாட்டோம்!"

"போன மாசம் லயத்துக்கு வந்து பேரெழுதினவரும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள் இராக்கம்மா. "கப்பலோ லயமோ, எங்க ரெண்டு பேரு கைநாட்டும் ஒரே தாள்ல இருக்கணும். அவ்வளவுதான்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, 'சரியாகத் தெரியவில்லை' என்று எழுதி நடுவில் வைத்தார். இரண்டு கட்டைவிரல்களும் ஒட்டினாற்போல் பதிந்தன.

"எனக்கும் அந்தத் தாளு!" ஏற்கெனவே லயத்துப் பக்கம் கைநாட்டு வைத்திருந்த கங்காணி திரும்பி ஓடிவந்தார். "என் சம்சாரத்து நாக்கு எந்தப் பக்கம்னு இன்னும் பாக்கலையே!"

வரிசை மொத்தமும் நடுத்தாளில் விழுந்தது. கண்காட்சி முடியும்போது அதில் நூற்றுநாற்பத்துமூன்று விரல்கள். வலத்தாளில் ஒரே ஒரு விரல். அது டீச்சருடையது.

எதற்கும் இருக்கட்டும் என்று தம்பதிகள் கந்தோருக்கும் போனார்கள். எழுதுவினைஞர் கோப்பைப் புரட்டினார். "பரிசீலனையில இருக்கு. இப்போதைக்கு ஒண்ணும் சரியாத் தெரியல."

இராக்கம்மா தம்பையாவைப் பார்த்தாள். அதற்குள் நடுத்தாள் இங்கே வந்து சேர்ந்துவிட்டதே!

"ஐயா, எங்க ரெண்டு பேருக்குமே அதே பதில்தானுங்களே?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கோப்புதான். போனாலும் இருந்தாலும் சேர்ந்துதான்."

அவளுக்கு அது போதும்.

ரயில் ஹாலி எலயைத் தாண்டியதும் தம்பையாவுக்குக் குஷி பிறந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காற்றில் நாக்கை அழகாகச் சுருட்டினான்.

இராக்கம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "உள்ளார போடுங்க! எவனாச்சும் பாத்துட்டு எழுதிக்கிடப் போறான்."